டம்ளரில் தெரிந்த பழுப்பு எங்கிருந்து வந்தது?

பெருந்துறைப் பக்கம் தோட்டத்து வீட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வாட்டர் ஃபில்டர் விற்க வந்த ஒருவர் இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கி, ஒன்றில் வீட்டு போர் தண்ணீரையும் இன்னொன்றில் தான் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீரையும் ஊற்றினாராம். நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி ஒன்றை இரண்டு டம்ளருக்கும் பொதுவாக வைத்து, பிளக்கில் செருகி சுவிட்சைப் போட்டிருக்கிறார். போர் தண்ணீர் முதலில் பச்சையாகி, அப்புறம் பழுப்பாகி, மேலே நுரையும் அடியில் சகதியுமாக ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தானுங்க இத்தனை நாளும் குடிச்சிருக்கீங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு, மாமியார் அன்று இரவு சாப்பிடவே இல்லையாம். அந்தச் சகதி நம் தண்ணீரில் இருந்ததுதானா, மின்சாரம் தண்ணீரை அப்படி என்னதான் செய்கிறது, பன்னிரண்டாவது படிக்கும் பையன் இதை ஆபத்தில்லாமல் வீட்டில் செய்து பார்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சகதி உங்கள் தண்ணீரில் இல்லை. அவருடைய கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பு அது. இதை மட்டும் இப்போதே உங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டு வாருங்கள், மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

நான் வேதியியல் படித்துவிட்டு, கோவை கணபதியில் 26 வருடம் பிளேட்டிங் பட்டறை நடத்தியவன். தொட்டியில் மின்சாரம் விட்டு ஒரு உலோகத்தைக் கரைத்து இன்னொன்றின் மேல் ஏற்றுவதுதான் எங்களுக்குச் சோறு போட்ட தொழில். அதே வேலையை ஒரு டம்ளரில் செய்துகாட்டி வயதானவர்களைப் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்கும்போது மனசு பொறுக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செம்புக் கம்பிக்குள் மின்சாரம் போவதற்கும் தண்ணீருக்குள் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கம்பிக்குள் ஓடுவது எலக்ட்ரான். உலோகத்தின் அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எலக்ட்ரான்கள் மட்டும் நகரும். அதனால்தான் எத்தனை வருடம் மின்சாரம் ஓடினாலும் வீட்டு வயரில் செம்பு செம்பாகவே இருக்கிறது. தண்ணீருக்குள் எலக்ட்ரான் தனியாக நீந்திப் போக முடியாது. அங்கே சுமையைத் தூக்கிக்கொண்டு போகிறவை அயனிகள். உப்பைத் தண்ணீரில் போட்டால் அது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்து மிதக்கிறது. ஒன்றுக்கு நேர்மின் சுமை, இன்னொன்றுக்கு எதிர்மின் சுமை. இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் கொடுத்தால், நேர்மின் சுமை உள்ளவை எதிர்மின்வாயை, அதாவது மைனஸ் கம்பியைப் பார்த்தும், எதிர்மின் சுமை உள்ளவை நேர்மின்வாயை, அதாவது பிளஸ் கம்பியைப் பார்த்தும் நகர்கின்றன.

ஈரோடு மஞ்சள் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி மண்டி வாசல் வரைதான் வரும். அதற்கு மேல் மூட்டை ஆள் தோளில்தான் போக வேண்டும். கம்பி முடிந்து தண்ணீர் தொடங்கும் இடமும் அப்படி ஒரு வாசல்தான். அங்கே எலக்ட்ரான் கை மாறியாக வேண்டும். எதிர்மின்வாயில் எலக்ட்ரான் வந்து நிற்கிறது, தண்ணீரில் இருக்கும் யாராவது அதை வாங்கிக்கொள்ள வேண்டும். நேர்மின்வாயில் யாராவது எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும். ஒரு பொருள் எலக்ட்ரானை வாங்கினாலோ கொடுத்தாலோ அது பழைய பொருளாக இருக்காது. இந்தக் கைமாற்றம்தான் வேதிமாற்றம். டம்ளரின் நடுவில் இருக்கும் தண்ணீரில் சுமை ஏந்திய அயனிகள் இப்படியும் அப்படியும் நகர்கின்றன, அவ்வளவுதான். மாற்றம் நடப்பதெல்லாம் கம்பியின் தோலில்.

இதை வைத்துக்கொண்டு அந்த விற்பனையாளரின் டம்ளருக்கு வருவோம். நேர்மின்வாயில் எலக்ட்ரான் கொடுக்க மூன்று பேர் தயாராக நிற்கிறார்கள்: தண்ணீர், குளோரைடு, அப்புறம் இரும்புக் கம்பியே. மூவரில் ரொம்பச் சுலபமாகக் கொடுப்பது இரும்பு. ஒரு இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானைக் கம்பியிடம் விட்டுவிட்டு, அயனியாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. எதிர்மின்வாயில் தண்ணீர் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழி விடுகிறது, கூடவே காரத்தன்மையுள்ள ஹைட்ராக்சைடு உண்டாகிறது. இறங்கிய இரும்பும் இந்த ஹைட்ராக்சைடும் நடுவில் சந்திக்கும்போது முதலில் வருவது பச்சை நிறக் கலங்கல். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பட்டதும் அது பழுப்பாகிறது. ஈர இரும்பில் பிடிக்கும் துருவும் இதே வகையறாதான். ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் துகள்களைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதுதான் நுரை. சிலர் அலுமினியக் கம்பியும் வைத்திருப்பார்கள். அதில் வெள்ளைப் பஞ்சு மாதிரி வரும், அதற்கு ஏதாவது ஒரு நோயின் பெயர் சொல்வார்கள்.

அப்படியென்றால் ஆர்ஓ தண்ணீர் ஏன் மாறவில்லை? அதில் உப்பைப் பெரும்பாலும் வடிகட்டி எடுத்தாயிற்று. மூட்டை தூக்க ஆள் இல்லாத மண்டி. மின்சாரம் பேருக்குத்தான் ஓடியது, இரும்பும் கண்ணுக்குத் தெரியும் அளவு கரையவில்லை.

இதை நான் ஒரு முறை நேரிலேயே செய்து பார்த்தேன். அவிநாசியில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது இப்படி ஒரு தம்பி வந்தார். கருவியை வைத்தார், எங்கள் டம்ளர் பழுப்பானது, அவருடையது ஆகவில்லை. நான் கேட்டேன்: "ஏனுங்க தம்பி, உங்க டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கலாமுங்களா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "போடுங்கய்யா" என்றார். அடுப்படியிலிருந்து உப்பைக் கொண்டுவந்து போட்டுக் கலக்கினோம். மறுபடி சுவிட்ச். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் தண்ணீர் எங்கள் தண்ணீரைவிடக் கெட்டியாகப் பழுப்பாகிவிட்டது. "வீட்டு உப்புல அயோடின் இருக்குதுங்க, அதனால" என்று சொல்லிப் பார்த்தார். சரி என்று, தங்கை மகனின் பென்சில் இரண்டை இருபக்கமும் சீவி, பையிலிருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியில் வயர் கட்டி, அதே போர் தண்ணீரில் புதிதாக ஒரு டம்ளர் எடுத்து விட்டேன். இரண்டு முனையிலும் குமிழி வந்தது. ஒரு முனையில் லேசாக வெள்ளைப் படலம். அரை மணி நேரம் வைத்திருந்தும் பழுப்பு வரவே இல்லை. பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட், அது இரும்பு மாதிரிக் கரையாது. அழுக்கு தண்ணீரில் இருந்தால் பென்சில் போட்டாலும் வந்திருக்க வேண்டுமே? அந்தத் தம்பி அந்த டம்ளரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு இப்படித்தானுங்கய்யா சொல்லிக்குடுத்தாங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மோர் குடித்துவிட்டுத்தான் போனார்.

எவ்வளவு இரும்பு கரைகிறது என்று கணக்கே போட்டுவிடலாம். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் நேர்மின்வாய் இரும்பில் சுமார் 1.04 கிராம் கரையும். அரை ஆம்பியர் இரண்டு நிமிடம் ஓடினால் 17 மில்லிகிராம். கையில் வைத்தால் தெரியாத அளவு. ஆனால் 200 மில்லி டம்ளரில் அது துருவாகப் பரவினால் தண்ணீர் முழுக்கக் கலங்கித்தான் தெரியும்.

இந்தக் கணக்கை உலகத்துக்குக் கொடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. இத்தாலியில் வோல்டா 1800இல் முதல் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். அதே வருடம் இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அதைக் கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். 1807இல் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய பொட்டாஷில் மின்சாரம் விட்டு, அதுவரை யாரும் கண்ணால் பார்த்திராத பொட்டாசியம் உலோகத்தை எடுத்தார், சில நாளிலேயே சோடியத்தையும். புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகிய ஃபாரடே, அந்த டேவியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். 1833, 34 வாக்கில் அவர் கண்டுபிடித்தது இதுதான்: கரைவதோ படிவதோ எவ்வளவு என்பது ஓடிய மின்சாரத்தின் மொத்த அளவைப் பொறுத்தது. தொட்டி பெரிதா சின்னதா, கம்பி தடிமனா மெல்லிசா என்பதெல்லாம் கணக்கில் வராது. ஒரு ஆம்பியர் ஒரு வினாடி ஓடினால் ஒரு கூலும். 96,485 கூலும் மின்சாரம் என்பது ஒரு மூட்டை அளவு. எந்த உலோகமானாலும் அந்த ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று நிர்ணயம் உண்டு. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரத்துக்கு நிக்கல் 1.1 கிராம், செம்பு 1.19 கிராம், வெள்ளி 4 கிராம்.

வெள்ளிக்கு மட்டும் ஏன் இத்தனை என்றால், வெள்ளி அயனிக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் போதும், அணுவும் கனமானது. வெள்ளி இவ்வளவு துல்லியமாகவும் ஒழுங்காகவும் படிவதால், 1893 முதல் 1948 வரை உலகம் ஆம்பியரையே வெள்ளியை வைத்துத்தான் அளந்தது. ஒரு வினாடியில் 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படிய வைக்கும் மின்சாரமே ஒரு ஆம்பியர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி முலாம் ஏற்றுகிறவர்கள் ஆம்பியரையும் நேரத்தையும் பெருக்கி "இத்தனை கிராம் ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட முடிவதும் இந்தக் கணக்கால்தான்.

சரி, என் பட்டறைக்குள் கொஞ்சம் வாருங்கள். பித்தளைக் குழாயின் மேல் நிக்கல் ஏற்ற வேண்டும். தொட்டியில் நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் கலந்த பச்சைக் கரைசல், கை பொறுக்காத சூட்டில் 55 டிகிரி வாக்கில் இருக்கும். தொட்டியின் இரு ஓரத்திலும் நிக்கல் தகடுகள், அவற்றுக்கு ரெக்டிஃபையரின் (ஏசி மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் கருவி) பிளஸ். நடுவில் ரேக்கில் மாட்டிய குழாய்கள், அவற்றுக்கு மைனஸ். சுவிட்ச் போட்டால் தகட்டில் நிக்கல் கரைந்து இறங்குகிறது, குழாயின் மேல் நிக்கல் ஏறுகிறது. கரைசலில் இருக்கும் நிக்கலின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். வாய்க்கால் மாதிரி அது, மேல்மடையில் விட்டது கீழ்மடையில் போய்ச் சேர்கிறது.

ஒரு முறை ரெக்டிஃபையரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாட்டும்போது கேபிளை நானே மாற்றி மாட்டிவிட்டேன். ஆம்பியர் மீட்டர் வழக்கம் போலத்தான் காட்டியது. கால் மணி நேரம் கழித்து ரேக்கைத் தூக்கினேன். மின்ன வேண்டிய குழாய்கள் மங்கி, மரை விளிம்பெல்லாம் அரித்து, செம்புச் சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. பிளஸ் போன பக்கம் எதுவோ அது கரையும், அந்தக் கால் மணி நேரம் பித்தளை கரைந்திருக்கிறது. நாற்பது குழாய் போனதைவிடப் பெரிய நஷ்டம், செம்பும் துத்தநாகமும் நிக்கல் தொட்டியில் கலந்துவிட்டதுதான். அடுத்து எதை விட்டாலும் கருப்பாக ஏறியது. அதற்குக் கை வைத்தியம், வளைத்து நெளித்த தகடு ஒன்றை மாட்டி, ரொம்பக் குறைந்த ஆம்பியரில் ராத்திரி முழுக்க ஓட்டுவது. நாங்கள் டம்மி ஓட்டுவது என்போம். நிக்கலைவிடச் செம்பு எலக்ட்ரானை ஆசையாக வாங்கும், அதனால் குறைந்த மின்சாரத்தில் முதலில் செம்பு போய் அந்தத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு ராத்திரி ஓட்டிய பிறகுதான் தொட்டி சரியானது. மின்சாரத்துக்குத் திசை என்றால் என்ன என்பதை அந்தக் கால் மணி நேரத்தில்தான் முழுதாக உணர்ந்தேன்.

முலாம் ஏறுவதைவிட, அது ஒட்டி நிற்பதுதான் கஷ்டமான காரியம். விரல் ரேகை அளவு எண்ணெய் இருந்தாலும் அந்த இடத்தில் நிக்கல் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். அதனால் முலாமுக்கு முன்பே ஒரு காரத் தொட்டியில் பொருளை மைனஸில் மாட்டி மின்சாரம் விடுவோம். அங்கே வரும் ஹைட்ரஜன் குமிழிகளே எண்ணெயைப் பெயர்த்துத் தள்ளிவிடும். அதே ஹைட்ரஜன் வேறிடத்தில் கெடுதல் செய்யும். கெட்டியாக்கிய எஃகு போல்ட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் ஜிங்க் ஏற்றும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் எஃகுக்குள்ளேயே புகுந்து அதை மொறுமொறுப்பாக்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், முறுக்கி இரண்டு நாள் கழித்துப் பட்டென்று உடையும். முலாம் முடிந்ததும் சில மணி நேரத்துக்குள் 190, 200 டிகிரி அடுப்பில் போட்டு அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனிகள் இதை எழுத்தில் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் செய்துதான் கொடுக்க வேண்டும், உடைவது யாருடைய வண்டியிலோ.

நிக்கலின் மேல் ஏறும் குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. அந்தத் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் கொடிய நஞ்சு. அந்தக் கழிவை அப்படியே சாக்கடையில் விடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

இப்போது மேட்டூருக்குப் போகலாம். அணை 1934இல் கட்டி முடிந்தது, பிறகு நீர்மின்சாரமும் வந்தது. மின்சாரத்தையே மூலப்பொருள் மாதிரித் தின்னும் தொழில்கள் அங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. ஒன்று, உப்புக் கரைசலில் மின்சாரம் விடுவது. நேர்மின்வாயைக் கரையாத பொருளில் செய்துவிட்டால், அங்கே குளோரைடுதான் எலக்ட்ரானைக் கொடுத்து குளோரின் வாயுவாக வரும். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வரும், தண்ணீரில் காஸ்டிக் சோடா சேரும். சோடியம் உலோகமாக வராது, ஏனென்றால் சோடியத்தைவிடத் தண்ணீருக்கு எலக்ட்ரான் வாங்குவது சுலபம். காஸ்டிக் சோடா இல்லாமல் ஈரோட்டிலும் திருப்பூரிலும் துணி வெளுப்பு இல்லை, பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏற்றுவதும் இல்லை. குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றினால் பிளீச்சிங் பவுடர், ஊராட்சித் தொட்டியில் போடுகிறார்களே அதுதான். மின்சாரம் குடிதண்ணீருக்கு உண்மையிலேயே செய்த உபகாரம் இது.

இன்னொன்று அலுமினியம். ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் இருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் கிடைப்பது அலுமினா என்ற வெள்ளைப் பொடி. தண்ணீர்க் கரைசலில் அலுமினியத்தை எடுக்க முடியாது, சோடியத்துக்குச் சொன்ன அதே காரணம். அலுமினாவை உருக்கலாம் என்றால் 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். கிரையோலைட் என்ற உப்பை உருக்கி அதில் அலுமினாவைக் கரைத்தால் 950 டிகிரி வாக்கில் வேலை நடக்கும். மேட்டூரில் 1960களில் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிய ஆலை இதைத்தான் செய்தது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரு அலுமினியக் குண்டாவைத் தூக்கிப் பாருங்கள், ஒரு சின்னக் குடும்பம் இரண்டு மூன்று நாள் எரிக்கும் மின்சாரம் அதற்குள் போயிருக்கிறது.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இதே கைமாற்றம்தான், இரண்டு திசையிலும் நடக்கிறது. கரண்ட் போனால் ஈயமும் ஈய டையாக்சைடும் ஈய சல்பேட்டாக மாறி மின்சாரம் கொடுக்கின்றன. கரண்ட் வந்தால் பழையபடி பிரிகின்றன. சார்ஜ் முடியும் தறுவாயில் தண்ணீரும் பிரிந்து வாயுவாகப் போவதால் மட்டம் இறங்குகிறது. போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் அதன் உப்பெல்லாம் உள்ளேயே சேர்ந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். ஹைட்ரஜன் சேராமல் இருக்க ஜன்னல் பக்கம் வைப்பதும் நல்லது.

நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஜிஐ பைப்பும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பித்தளை வால்வும் சேரும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும், கவனித்திருப்பீர்கள். அங்கே யாரும் மின்சாரம் கொடுக்கவில்லை, இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் தொட்டுக்கொண்டு நிற்பதால் தாமே ஒரு பேட்டரி ஆகிவிடுகின்றன. கீசருக்குள் மெக்னீசியம் ராடு வைப்பது இதைத் திருப்பிப் பயன்படுத்தும் தந்திரம். தொட்டி கரைவதற்குப் பதில் ராடு கரையும். நம் தண்ணீருக்கு அந்த ராடு சீக்கிரம் தீரும், சர்வீஸ் ஆள் வரும்போது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பழுப்புச் சகதியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சாயக் கழிவைச் சுத்தம் செய்யும் முறைகளில் ஒன்று, வேண்டுமென்றே இரும்புத் தகட்டை மின்சாரத்தில் கரைப்பது. உண்டாகும் இரும்பு ஹைட்ராக்சைடு பஞ்சு மாதிரிச் சாயத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கும். உங்கள் டம்ளரில் அழுக்கு என்று காட்டினாரே, அழுக்கை எடுக்கவே அதைத் தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதனால் உங்கள் போர் தண்ணீர் நல்லது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கருவியால் அதைச் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது. நிறம் வந்ததற்கு அர்த்தம், தண்ணீரில் உப்பு இருக்கிறது என்பது மட்டுமே. அது வாயில் வைத்தாலே தெரியுமே. நாம் உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. சேலம், தருமபுரிப் பக்கம் பல ஊர்களில் ஃபுளோரைடு, பல்லையும் எலும்பையும் கெடுப்பது. உர வயலையும் கழிவறைக் குழியையும் ஒட்டிய கிணறுகளில் நைட்ரேட், அப்புறம் கிருமி. இவற்றில் ஒன்றுகூட அந்த டம்ளரில் நிறமாகத் தெரியாது. கொடிய தண்ணீரும் நல்ல தண்ணீரும் அங்கே ஒரே பழுப்புதான் காட்டும். இந்த வித்தை மேல் எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

செய்ய வேண்டியது, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிப்பது. பாட்டிலை எப்படிக் கழுவிப் பிடிக்க வேண்டும் என்று முதலில் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிப் பரிசோதனைக்குத் தனி பாட்டில். அறிக்கை வந்ததும் நான்கு எண்களைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மை 200, அதே மாதிரி 600 வரை. ஃபுளோரைடு 1, மிஞ்சிப்போனால் 1.5 வரை. நைட்ரேட் 45, அதற்கு மேல் கூடாது. இவை தாண்டினால் ஆர்ஓ வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. பயந்துகொண்டு வாங்காமல், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

பையனுக்கு: முதலில் அந்தக் கருவி மாதிரி எதையும் வீட்டு பிளக்கில் செருகிச் செய்யக் கூடாது. அதற்குள் பெரும்பாலும் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு மட்டும்தான் இருக்கும், 230 வோல்ட் நேராகத் தண்ணீருக்கு வரும். விரல் பட்டால் உயிர் போகும். ஒன்பது வோல்ட் பேட்டரி போதும். எவர்சில்வர் கரண்டியைக் கம்பியாகப் பயன்படுத்த வேண்டாம், அதிலிருந்து குரோமியம் கரையும். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல் செய்ய வேண்டும். கரைத்த தண்ணீரை யாரும் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

முதல் சோதனை, நான் அவிநாசியில் செய்தது: ஒரே போர் தண்ணீரை இரண்டு டம்ளரில் எடுத்து, ஒன்றில் இரண்டு இரும்பாணி, இன்னொன்றில் இரண்டு பென்சில். ஜிஐ ஆணி வேண்டாம், மேலே துத்தநாகம் இருக்கும். கருப்பு ஆணியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்ளட்டும். இதைப் பாட்டி முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஃபாரடேயின் கணக்கு. பழைய வைஃபை ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டர், ஒரு மல்டிமீட்டர், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். பிளஸ்ஸில் மாட்டும் ஆணியை எடை போட்டு, உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து மின்சாரத்தைக் கால் ஆம்பியர் அளவில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஆணியைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காய வைத்து மறுபடி எடை. 0.26 கிராம் பக்கம் குறைந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுக்கு ஈரோட்டு மஞ்சளே போதும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாகிறதே, அது காரத்தைக் காட்டும் நிறம். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காய வைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு தட்டில் விரிக்க வேண்டும். பேட்டரியின் இரண்டு வயர் முனையையும் ஒரு அங்குல இடைவெளியில் தாளின் மேல் வைத்தால், கொஞ்ச நேரத்தில் மைனஸ் வயரைச் சுற்றி மட்டும் சிவப்புப் பொட்டு எழும். மேலே சொன்ன ஹைட்ராக்சைடு அதுதான். வயரை மெதுவாக இழுத்தால் கோடு விழும், அத்தையின் பெயரைக்கூட எழுதலாம்.